பேசுறதில்ல

வணக்கம் அண்ணே,

எங்கள் ஊர் தேவகோட்டை. ஐயா வீட்டைப் பங்கு பிரித்ததில் எனக்கும் அண்ணனுக்கும் மனத்தாங்கலாகி நாலு வருஷமாகிறது. 'உறவு முறிந்துவிட்டது' என்று தோழியிடம் சொன்னேன். 'அறுந்துவிட்டது' என்பதுதான் சரி என்கிறாள். எது சரி? பிரேக்அப்புக்குத் தமிழில் நல்ல சொல் உண்டா? கல்யாணமானதும் அண்ணனை ஆத்தா தனி அடுப்புக் கொடுத்து வேறு வைத்தார்களே, அன்றைக்கே முறிந்துவிட்டதோ என்றும் தோன்றுகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சிக்கு,

பிரேக்அப்பை விடுங்கள், அது காதலிக்கிற பிள்ளைகள் பாடு. முறிவது கிளை, எலும்பு. அறுவது நூல், கயிறு. இரண்டுமே வழக்கில் உள்ளவைதான். தாலி நினைவு வரும் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் 'அறு' என்பதை வாயில் எடுக்கமாட்டார்கள்.

கடைசி வரியைப் படித்ததும்தான் கோபம் வந்தது. தேவகோட்டையில், நகரத்தார் வீட்டில் பிறந்துவிட்டு இப்படி எழுதலாமா? வேறு வைப்பது முறிவா? கல்யாணம் ஆனதும் கோயில் கணக்கில் அவன் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். வீட்டிலும் முற்றத்தைச் சுற்றிய அதே வளவில் ஓர் அறை, தனி அடுப்பு, வருஷத்துக்கு இவ்வளவு அரிசி பருப்பு என்று அளந்து கொடுப்பார்கள். சண்டை வரக்கூடாது என்று செய்த ஏற்பாட்டுக்கே சண்டைப் பட்டம் கட்டுகிறீர்கள். ஆத்தாவை இதில் இழுக்காதீர்கள்.

நானே கொஞ்ச நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்துப் பெரியவர்கள் 'உறவு முறிந்தது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'அவுகளும் நாங்களும் பேசுறதில்ல.' 'அந்த வீட்டுல கை நனைக்கிறதில்ல.' 'நல்லது கெட்டதுக்குப் போறதில்ல.' கவனித்தீர்களா? எல்லாமே இப்போதைக்குச் செய்யாமல் இருக்கிற காரியங்கள். முறிந்தது என்றால் இறந்தகாலம், போனது போனதுதான். பேசுறதில்ல என்பது இன்றைய நிலவரம். நாளைக்கு ஒருத்தர் வாயைத் திறந்தால் வாக்கியமே பொய்யாகிவிடும். மணமுறிவு என்று கோர்ட்டில் எழுதிக்கொள்ளட்டும், அங்கே தேதி போட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அண்ணன் தங்கைக்கு எதற்கு ஆச்சி அது?

என் அப்பத்தாவும் சின்ன அப்பத்தாவும் ஒரே வளவில் எதிரெதிர் அறை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பேச்சு இல்லை. அதற்காகச் சேதி போகாமல் இருக்குமா? வளவுத் தூணைப் பார்த்து அப்பத்தா சொல்வாள்: "தூணே, தபால்காரன் வந்துட்டுப் போறான்." எதிர்ப் பக்கத்திலிருந்து பதில் வரும்: "தூணே, தெரியும்னு சொல்லு." பர்மாத் தேக்கு. அப்பத்தா தலை சாய்க்கிற உயரத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருக்கும்.

ஒரு நாள் சின்ன அப்பத்தா காயப்போட்ட வற்றலில் ஒன்றை அப்பத்தா எடுத்து வாயில் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தே "உப்புக் கூடிப்போச்சு" என்றாள். தூணைக் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் உப்பைப் பற்றியே சண்டை போட்டார்கள்.

எது சரி என்றல்லவா கேட்டிருந்தீர்கள்? தோழியிடம் 'பேசுறதில்ல' என்று சொல்லுங்கள், போதும். அது இருக்கட்டும், உங்கள் அண்ணன் வீட்டு வற்றலில் உப்பு எப்படி?