ஹெர்னியா மெஷ் வச்சு 12 நாள், அதே இடத்துல வீக்கம்: சீழா, வெறும் நீரா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 61 வயசு, சுகர் இருக்கு. வலது தொடை இடுக்குல ஹெர்னியா (குடலிறக்கம்), சின்ன ஓட்டை போட்டுப் பண்ற லேப்ராஸ்கோப்பில மெஷ்னு ஒரு வலை வச்சு 12 நாளாச்சு. ஒரு வாரமா அதே இடத்துல எலுமிச்சம்பழம் சைஸுக்கு வீக்கம் இருக்கு, தொப்புள் தையல்ல லேசா மஞ்சத் தண்ணி கசியுது. ஹெர்னியா திரும்பிடுச்சா, மெஷ்ல சீழ் புடிச்சிருச்சா? மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் வாங்கிக் குடுக்கலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், வாங்கிக் குடுக்காதீங்க. ஏன்னு கீழ வரும்.

வீக்கம் பெரும்பாலும் நீர்க்கோவையா இருக்கும், நாங்க சீரோமான்னு சொல்றது. ஹெர்னியா உள்ள தள்ளின இடம் காலியா இருக்குமில்ல, அங்க உடம்பே நீரைக் கொண்டுவந்து ரொப்பிடும், லேப்ராஸ்கோப்பி பண்ணவங்களுக்கு இது ரொம்ப சாதாரணம். அப்பாவை நிக்க வச்சு இருமச் சொல்லுங்க. இருமும்போது துள்ளி, படுத்தா உள்ள போச்சுன்னா ஹெர்னியா திரும்பியிருக்கான்னு பாக்கணும். இருமினாலும் படுத்தாலும் அப்படியே இருந்து, மேல தோல் சுடாம சிவக்காம இருந்தா பெரும்பாலும் நீர்தான். சந்தேகம்னா ஒரு ஸ்கேன்ல தெரிஞ்சிடும். 6-8 வாரத்துல பெரும்பாலும் தானா வத்திடும். வீங்கியிருக்கேன்னு ஊசி போட்டு உறிஞ்சச் சொல்லி டாக்டரை அவசரப்படுத்தாதீங்க, சுத்தமா இருக்கற நீருக்குள்ள கிருமி போக அந்த ஊசியே வழியாயிடும். விதைப்பை கன்னிப்போய் கறுப்பா ஊதா கலர்ல ஆகறதைப் பாத்தும் நிறைய பேர் பதறிப்போய் ஓடி வருவாங்க, ரத்தம் கீழ இறங்கறதுதான், அதுவும் சரியாயிடும்.

இன்ஃபெக்‌ஷனை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. ஆபரேஷனுக்கப்புறம் வலி, வீக்கம், சூடு எல்லாம் நாளுக்கு நாள் இறங்கணும். இறங்கிக்கிட்டு இருந்தது நாலாம் நாள், ஏழாம் நாள், இல்ல பத்தாம் நாள் வாக்குல திரும்ப ஏறுச்சுன்னா அதுதான் சிக்னல். தையலைச் சுத்தி சிவப்பு இருந்தா அதோட ஓரத்துல பால்பாயின்ட் பேனாவால கோடு போட்டு, பக்கத்துல நேரத்தை எழுதி வைங்க, சாயங்காலம் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தா மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. கசியற தண்ணி தெளிவா வைக்கோல் கலர்ல இருந்தா அவ்ளோ பயமில்ல, கலங்கி, கெட்டியாகி, நாத்தம் அடிச்சா சீழ். காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டுதான்னு பாருங்க, ஆனா மாத்திரைக்கு முன்னாடி பாக்கணும், வலிக்குன்னு மூணு வேளையும் பாராசிட்டமால் போட்டுட்டு காய்ச்சலே இல்லன்னு சொன்னா எப்படி. சுகர் உள்ளவங்களுக்கு சிலசமயம் காய்ச்சலே வராது, காரணமில்லாம சுகர் மட்டும் திடீர்னு எகிறும், அதையும் அறிகுறியாவே எடுத்துக்கங்க.

தொப்புள்தான் எனக்கு உறுத்துது. அப்பா சுகர் பேஷன்ட், 12 நாள் கழிச்சும் கசியுதுன்னா ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்ட நாளைக்கே காட்டுங்க. கசியறதை எடுத்து கல்ச்சருக்கு, அதாவது லேப்ல கிருமியை வளர்த்துப் பாக்கற டெஸ்டுக்கு அனுப்பிட்டு அப்புறம்தான் ஆன்டிபயாடிக். நீங்க முன்னாடியே நாலு மாத்திரை குடுத்துட்டா கல்ச்சர்ல ஒண்ணும் வளராமப் போகலாம், எந்தக் கிருமின்னே தெரியாது. இன்னொண்ணு, நம்ம நாட்டுல லேப்ராஸ்கோப்பிக்கு அப்புறம் மூணு நாலு வாரம் கழிச்சு, ஆறின ஓட்டைல சின்னதா கட்டி வந்து உடைஞ்சு, ஆறி, மறுபடி உடையற கேஸ் வருது. டிபி கிருமியோட பங்காளி வகையறா அது, கருவி சரியா ஸ்டெரிலைஸ் ஆகலன்னா, கழுவற தண்ணி வழியா வரும். சாதாரண ஆன்டிபயாடிக் எதுக்கும் மசியாது, அதுக்குன்னு இருக்கற மருந்தை மாசக்கணக்குல சாப்பிடணும். ரெண்டு கோர்ஸ் ஆன்டிபயாடிக் முடிச்சும் ஆறலன்னா, இந்த வகைக் கிருமியைத் தேடற ஏஎஃப்பி டெஸ்டும் மைக்கோபாக்டீரியா கல்ச்சரும் எடுக்கலாமான்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

சீழ் வந்தாலே மெஷ்ஷை எடுத்துடுவாங்கன்னு பயப்பட வேணாம். தோலுக்கு அடியில மட்டும்னா மெஷ்ஷைத் தொடவே வேண்டியதில்ல. ஆழத்துல போனாலும், இப்ப பெரும்பாலும் வைக்கற பாலிப்ரொப்பிலீன் மெஷ்ஷுக்குப் பெரிய கண்ணு, நம்ம வெள்ளை அணுக்கள் உள்ள பூந்து சண்டை போட முடியும், அதனால சீழை வடிச்சு மருந்து குடுத்தே சிலதைக் காப்பாத்திடலாம். பிடிஎஃப்இ மாதிரி நுண்ணிய கண்ணு உள்ளதுல கிருமி ஒளிஞ்சுக்கும், வெள்ளை அணுவால நுழைய முடியாது, அதைப் பெரும்பாலும் எடுத்துத்தான் ஆகணும். மெஷ் இன்ஃபெக்‌ஷன் மாசம், ஏன் வருஷம் கழிச்சுக்கூட வரலாம், தழும்புல ஊசிமுனை ஓட்டை விழுந்து விட்டுவிட்டு கசியும். மூணு மாசம் தாண்டியும் எரிச்சல், சுருக்குன்னு குத்தற வலி மட்டும் இருந்தா அது பெரும்பாலும் சீழ் இல்ல, நரம்பு சமாச்சாரம், அதுக்கு வைத்தியமே வேற.

ராத்திரி ஆனாலும் எமர்ஜென்சிக்கு ஓட வேண்டியது எதுக்குன்னா: வாந்தி வந்து, வயிறு உப்பி, காத்து பிரியாம இருந்தா, ஒண்ணுக்கு அடைச்சுக்கிட்டா, விதை கல்லு மாதிரி வீங்கி வலி தாங்கலன்னா, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ, குளிர் நடுக்கத்தோட ஆளு உளற ஆரம்பிச்சாலோ, காயம் கறுத்து கொப்புளம் போட்டாலோ.

டாக்டர்கிட்ட காட்டற வரைக்கும் காயத்துல மஞ்சள், தேங்காயெண்ணெய், பவுடர் எதுவும் வேணாம், ஒத்தடமும் வேணாம், அந்த இடத்துல மரத்துப்போய் இருக்கலாம், சுட்டா தெரியாது. அமுக்கிப் பாக்கறதையும் வீட்ல எல்லாரும் நிறுத்துங்க. நாளைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, சுகர் நோட்டு, பேனா கோட்டோட எடுத்த போட்டோ எல்லாம் கொண்டு போங்க. கேஸ் ஷீட்ல மெஷ் பாக்கெட்டோட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, கம்பெனி பேரும் நம்பரும் தெரியற மாதிரி அதையும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க.