பஸ் வராத அரை மணி நேரம்

அன்புள்ள அண்ணா,

வணக்கமுங்க. எனக்குப் பெருமாநல்லூர். திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். உங்கள் பயணக் கட்டுரைகளைப் படித்த ஆசையில் ஒன்றரை லட்சம் போட்டுக் கேமரா வாங்கினேன். போன மே கடைசியில் அம்மா, வீட்டுக்காரி, பையனோடு ஐரோப்பா டூர் போய் வந்தோம். பன்னிரண்டு நாள், ஐந்து நாடு, நாலாயிரம் படம். ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாமே எங்கேயோ காலண்டரில் பார்த்த மாதிரி இருக்கிறது. வீட்டில் பிரேம் போடக் கேட்டது ஒரே ஒரு படத்தைத்தான். சுவிட்சர்லாந்தில் டூர் பஸ் அரை மணி நேரம் தாமதமானபோது, அம்மா ஸ்வெட்டருக்கு மேல் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சில் தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைப் போனில் எடுத்தேன். லென்ஸை மாற்ற வேண்டுங்களா? அடுத்த வருஷம் ஐஸ்லாந்து போனால் நல்ல படம் கிடைக்குமா, இல்லை கம்போடியா, வியட்நாம் பக்கம் போகலாமா?

க., பெருமாநல்லூர்

அன்புள்ள க.,

லென்ஸை மாற்ற வேண்டாம். அந்தப் பணத்தை டிக்கெட்டுக்கு வையுங்கள்.

பஸ் வராத அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். பன்னிரண்டு நாளில் ஒரே இடத்தில், யாரும் விரட்டாமல், நீங்கள் உட்கார்ந்திருந்தது அப்போது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பாரிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈபிள் கோபுரத்தை எல்லா டூர்காரர்களும் ட்ரோகடேரோ மேட்டில் நிறுத்தித்தான் காட்டுவார்கள். அந்த மேடு கோபுரத்துக்கு வடமேற்கே இருக்கிறது. காலையில் அங்கே நின்றால் வெயில் கோபுரத்தின் பின்னாலிருந்து கண்ணில் அடிக்கும், கோபுரம் கறுத்துப்போகும். மே கடைசியில் அங்கே பொழுது சாய இரவு ஒன்பதரை தாண்டிவிடும். எட்டரை மணிக்கு மேல் மேற்கு வெயில் சாய்ந்து வந்து அந்தப் பழுப்பு இரும்பின் மேல் விழும்போதுதான் கோபுரத்துக்கு உயிர் வரும். அந்நேரம் டூர் கூட்டம் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். உங்கள் கையில் குறை ஒன்றும் இல்லை. இடத்தைக் காட்டினார்கள், அதற்கான வேளையைக் காட்டவில்லை.

ஐஸ்லாந்துப் படங்கள் மயக்குவதற்கும் வேளைதான் காரணம். அவ்வளவு வடக்கே, ஜூன் மாதத்தில், சூரியன் அடிவானத்தை ஒட்டியே நெடுநேரம் சரிந்துகொண்டு போகும். பொன் வெயில் மணிக்கணக்கில் நிற்கும். நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில். இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்கும். நல்ல வெயில் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, அவ்வளவுதான். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவேளையில் நட்ட கோலுக்கு நிழலே இருக்காது. ஆனால் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கவிந்து நிற்குமே, அப்போது நடுமத்தியானத்திலும் ஆட்களைப் படம் எடுக்கலாம். கண்ணுக்கடியில் நிழல் குழி விழாது. அந்த மாதங்களை வீணாக்காதீர்கள்.

சரி, அடுத்த பயணம். கம்போடியா போங்கள். கோவையிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து, அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்து ஊரான சியாம் ரீப்புக்கு மாறிக்கொள்ளலாம். வியட்நாமை அதோடு சேர்க்காதீர்கள். அங்கோரில் மூன்று நாள் அனுமதிச்சீட்டு 62 டாலர், ஒரு நாளுக்கு மட்டும் என்றால் 37. மூன்று நாள் சீட்டை வாங்கி, ஊரில் ஐந்து நாள் தங்குங்கள்.

அங்கோர் வாட், 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டியது. மேற்குப் பார்த்த கோயில். விடியற்காலை ஐந்து மணிக்கே கூட்டம் முன்னால் இருக்கும் குளக்கரையில் இடம் பிடித்து நிற்கும். நானும் முதல் நாள் அங்கேதான் நின்றேன். சூரியன் கோயிலுக்குப் பின்னால் எழும், கோபுரங்கள் கறுப்பாகத் தெரியும். அழகுதான், ஆனால் ஆயிரம் பேரிடம் இருக்கும் அதே படம்.

இரண்டாம் நாள் காலையில் கூட்டத்தைத் தாண்டிப் பின்பக்கம், கிழக்குத் திருச்சுற்றுக்குப் போனேன். அங்கே ஒரு ஆள் இல்லை. 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் சிற்பம். 92 அசுரர்கள் ஒருபுறம், 88 தேவர்கள் மறுபுறம், நடுவில் விஷ்ணு. தூண்களுக்கு இடையே காலை வெயில் நுழைந்து ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டு நகர்ந்தது. வாசுகியைப் பிடித்த கைகளில் நரம்பு தெரிந்தது போலிருந்தது. சின்ன வயதில் பாட்டி சொல்லிக் கேட்ட கதை, கடல் தாண்டி ஒரு சுவரில் இழுத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு மணி நேரத்தில் பதினோரு படம் எடுத்தேன். கோயிலின் முகப்பை எடுக்க மாலை நாலு மணிக்கு வாருங்கள். மேற்கு வெயில் நேராக அதன் மேல்தான் விழும்.

மூன்றாம் நாள் பந்தியாய் ஸ்ரீ கோயிலுக்குப் போகிற சாலையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். வழியெல்லாம் பனைமரம். கம்போடியாவின் தேசிய மரமே பனைதான். ஒரு அம்மா அடுப்பில் பெரிய வாணலி வைத்துத் தெளுவு, அதாவது பதநீர், காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்த வாசம் நம் ஊர் வாசம். பாகு இறுகியதும் இறக்கி மரத்துடுப்பால் கிண்டினார், நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. நாம் கருப்பட்டிக்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றுவோம், அவர் பனையோலையை விரலளவு அகலத்துக்குக் கிழித்து வளையமாக்கி அதற்குள் ஊற்றினார். கேமராவை வெளியே எடுக்காமல் முதலில் இரண்டு கட்டு வாங்கினேன். வாயில் போட்டுவிட்டு, எங்கள் ஊரிலும் இது உண்டு என்று சாலையோரப் பனையைக் காட்டிக் கையால் ஜாடை செய்தேன். அவர் சிரித்து, பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆவிக்குள்ளே அவர் முகம் இருக்கும் படம் அப்புறம் கிடைத்ததுதான்.

1838இல் பாரிஸில், புகைப்படக் கலையின் முன்னோடி டாகேர் ஜன்னலிலிருந்து ஒரு தெருவைப் படம் எடுத்தார். அந்தக் காலத் தகட்டுக்கு நிமிஷக்கணக்கில் வெளிச்சம் காட்ட வேண்டும். தெருவில் போன வண்டி, குதிரை, ஜனம் எதுவும் அதில் விழவில்லை. ஒரு மூலையில் காலணிக்குப் பாலிஷ் போடச் சொல்லி ஒரே இடத்தில் நின்ற மனிதர்தான் தெளிவாகப் பதிந்தார். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர்களில் ஒருவர் அவர். உங்கள் அம்மாவின் படத்தைப் பற்றிப் படித்ததும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார்.

கம்போடியாவுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் நஞ்சராயன் குளம் இருக்கிறது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்தது. பனிக்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் அங்கே வந்து போவதுண்டு. மார்கழி பிறந்ததும் கம்பெனிக்குப் போகும் முன் இருபது நாள் காலையில் அங்கே போங்கள். ஒரே கரை, ஒரே மரம், ஆறரை மணி. நாளுக்கு ஐந்து படம் போதும். பத்தாம் நாளுக்கு மேல், வெயில் எங்கே வந்து விழப்போகிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பிக்கும். அந்தக் கணக்குப் பிடிபட்ட பிறகு சியாம் ரீப்புக்கு டிக்கெட் போடுங்கள்.

அம்மா படத்தைப் போனில் எடுத்ததுதானே என்று தயங்க வேண்டாம். 12 மெகாபிக்சல் இருந்தால் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் தாராளமாக வரும். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாளில் போடச் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பிய பிரதியைக் கொடுத்துவிடாதீர்கள், போனில் இருக்கும் மூலப் படத்தைக் கொடுங்கள். எந்த ஸ்டேஷன், என்ன தேதி என்று பின்னால் பென்சிலில் எழுதி வையுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால் சந்தோஷம்.