கேள்வி–பதில்: விண்டோஸுக்கு முன்னால் வரும் அந்த ஒரு வரி

கேள்வி: எங்கள் அப்பா கொழிஞ்சாம்பாறையில் டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் எல்லாம் தமிழிலும் மலையாளத்திலுமாக ஒரு 40 ஜிபி ஐடிஇ டிஸ்க்கில் கிடக்கிறது. பழைய மதர்போர்டு போய்விட்டதால் மாமா வீட்டிலிருந்த பென்டியம் 4-இல் மாட்டினேன். ஆன் செய்ததும் விண்டோஸ் 98-க்கு முன்பே 'ஈஸி-பயாஸ்' என்று ஒரு வரி வருகிறது, கன்ட்ரோல் கீயைப் பிடிக்கச் சொல்கிறது. லேப்டாப்பில் யுஎஸ்பி கேபிள் வழியாக இணைத்தால் டிஸ்க் இருப்பது தெரிகிறது, உள்ளே ஒரு ஃபைல்கூடத் தெரியவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கடையில், ஃபார்மட் அடித்தால் அந்த வரி போய்விடும் என்றார்கள். அடிக்கலாமா சார்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: அடிக்காதீர்கள். அப்பாவின் பத்திரிகைகள் போகும், அந்த வரி போகாது. ஃபார்மட் என்பது பார்ட்டிஷனுக்குள், அதாவது டிஸ்க்கில் பிரித்துவைத்த பகுதிக்குள், நடக்கிற வேலை. உங்களைக் கன்ட்ரோல் கீயைப் பிடிக்கச் சொல்கிற ஆள் பார்ட்டிஷனுக்கு வெளியே, டிஸ்க்கின் முதல் செக்டாரிலும் (செக்டார் என்பது டிஸ்க்கின் குட்டிச் சேமிப்புத் துண்டு) அதை ஒட்டிய இடத்திலும் உட்கார்ந்திருக்கிறார். கன்ட்ரோல் பேனலில் தேடி அன்இன்ஸ்டால் செய்கிற சமாச்சாரமும் இல்லை இது.

ஏன் போட்டார்கள் என்று தெரிந்தால் எப்படி எடுப்பது என்பதும் புரிந்துவிடும். பயாஸ் என்பது ஆன் செய்ததும் மதர்போர்டில் முதலில் ஓடும் புரோகிராம். பழைய பயாஸ்களுக்குப் பெரிய டிஸ்க்கை முழுசாக எண்ணத் தெரியாது. முதலில் 528 எம்பியில் நின்றது, அப்புறம் 8.4 ஜிபியில், இன்னும் சில 33.8 ஜிபியில். 20, 40 ஜிபி டிஸ்க் வாங்கியவர் மதர்போர்டை மாற்றக் காசில்லாமல் நின்றபோது, டிஸ்க் கம்பெனிகள் கூடவே ஒரு பிளாப்பி கொடுத்தன. அதிலிருந்து ஏறுவதுதான் இந்த ஈஸி-டிரைவ் (இது போடுகிற வரிதான் ஈஸி-பயாஸ்), இல்லையென்றால் ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர். பயாஸ் முதல் செக்டாரைப் படித்ததும் இது மெமரியில் ஏறி, இனிமேல் டிஸ்க்கைப் பற்றி என்னிடம் கேள் என்று நடுவில் நின்றுகொள்ளும். லேப்டாப்பில் யுஎஸ்பியில் இணைக்கும்போது இது ஏறுவதில்லை, அதனால்தான் அங்கே ஒன்றும் தெரியவில்லை. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

உங்களுடையது ஈஸி-பயாஸ் என்பது உங்கள் அதிர்ஷ்டம். அது உண்மையான பார்ட்டிஷன் அட்டவணையை அடுத்த செக்டாருக்குத் தள்ளிவைத்துவிட்டு, முதல் செக்டாரில் தன் ஆளை உட்கார வைக்கும். டேட்டா இருந்த இடத்திலேயே இருக்கும். டிஸ்க் மேனேஜர் அப்படியில்லை, மொத்தத்தையும் 63 செக்டார் பின்னால் தள்ளிவிடும். (ஸ்பேஸ்பாரை அழுத்தினால் பிளாப்பியிலிருந்து பூட் ஆகும் என்று வரி வந்தால் அது டிஸ்க் மேனேஜர்.) இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு தடவை மாட்டினேன். சித்தூரில், நம் பாலக்காட்டுச் சித்தூரில்தான், தெரிந்த ஒருவரின் அரிசி மண்டிக் கணக்கு இருந்த டிஸ்க். பூட் பிளாப்பி போட்டு, பார்ட்டிஷன் போடும் எஃப்டிஸ்க்கை எம்பிஆர் ஸ்விட்சோடு, அதாவது முதல் செக்டாரின் பூட் புரோகிராமைப் புதிதாக எழுதச் சொல்லி, ஓட்டினேன். வைரஸுக்கே அதுதான் கைவைத்தியமாக இருந்த காலம். அடுத்து பார்த்தால் சி டிரைவ் இல்லை, எஃப்டிஸ்க் திரையில் 'நான்-டாஸ்' என்று ஒரே ஒரு பார்ட்டிஷன். மண்டிக்காரர் பக்கத்தில் டீயோடு நிற்கிறார், எனக்குக் கை ஓடவில்லை. கணக்கெல்லாம் 63 செக்டார் தள்ளிப் பத்திரமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். முதலில் யுஎஸ்பி கேபிளில் இணைத்து, லினக்ஸ் லைவ் பென் டிரைவில் பூட் செய்து, டிடி கட்டளையாலோ டிடிரெஸ்க்யூவாலோ 40 ஜிபி முழுவதையும் ஒரே இமேஜ் ஃபைலாக (டிஸ்க்கின் அச்சு அசல் நகலாக) எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது எது மூல டிஸ்க், எது போய்ச் சேரும் இடம் என்பதை இரண்டு முறை பாருங்கள், மாற்றிக் கொடுத்தால் கதை முடிந்தது. அந்த இமேஜில் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டினால் பழைய பார்ட்டிஷனைத் தேடிக் காட்டும். 'பி' அழுத்தினால் ஃபைல்கள் பட்டியலாக வரும், வேண்டியதைத் தேர்ந்து 'சி' அழுத்தி வேறு இடத்துக்குக் காப்பி செய்யலாம். இலவச மென்பொருள்தான்.

ஒன்று மறக்காதீர்கள். பேஜ்மேக்கர் ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். யூனிகோடுக்கு முந்தைய பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், அந்த ஃபான்ட் இல்லாமல் திறக்கும்போது 'திருமண அழைப்பிதழ்' வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாகத்தான் நிற்கும். டிஸ்க் பிரச்சினையைவிட இதில் அழுதவர்கள் அதிகம்.

ஃபைல்கள் கைக்கு வந்து, நாலைந்தைத் திறந்தும் பார்த்த பிறகுதான் துடைக்கிற வேலை. விண்டோஸ் லேப்டாப்பில் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைப் புரோகிராமைத் திறந்து, சரியான டிஸ்க்கைத் தேர்ந்து (அளவைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள், 40 ஜிபிக்கு 37 சொச்சம் காட்டும்), 'கிளீன்' கொடுத்தால் முதல் செக்டாரோடு அந்த ஆளும் வெளியேறிவிடுவார். பிறகு பென்டியம் 4-இன் பயாஸில் டிஸ்க்கை 'ஆட்டோ', எல்பிஏ (செக்டார்களை வரிசை எண்ணால் எண்ணும் முறை) என்று வைத்துப் புதிதாகப் பார்ட்டிஷன் போடுங்கள். அந்தக் காலத்து போர்டு 40 ஜிபியைத் தானாகவே பார்க்கும். அப்பாவின் பழைய மதர்போர்டே உயிரோடு இருந்திருந்தால் எடுக்கவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அங்கே இதை எடுத்தால் 40 ஜிபி டிஸ்க் 8.4 ஆகச் சுருங்கிப்போகலாம்.

கேள்வி: எங்கள் விசைத்தறிக் கணக்குக்கு இருந்த 80 ஜிபி டிஸ்க்கில் இதே மாதிரி ஒன்று இருந்தது, துடைத்துவிட்டேன். இப்போது எந்த கம்ப்யூட்டரில் போட்டாலும் 32 ஜிபிதான் காட்டுகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?
– வாசகர், நகரி, ஆந்திரா

பதில்: எந்த கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் என்றால் பயாஸைச் சந்தேகிக்க வேண்டாம், டிஸ்க்கின் பின்பக்கம் பாருங்கள். மாஸ்டர், ஸ்லேவ் போடுகிற அதே இடத்தில் கொள்ளளவைக் குறைத்துக் காட்ட ஒரு ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் குட்டி மூடி) அமைப்பு உண்டு. 33.8 ஜிபிக்கு மேல் கண்டாலே உறைந்து நிற்கும் பயாஸ்களுக்காக வைத்தது. யாரோ ஒரு காலத்தில் போட்டுவிட்டிருப்பார்கள். டிஸ்க் மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் ஜம்பர் படம் இருக்கும், அதைப் பார்த்து, கரண்ட்டை நிறுத்திவிட்டு, அந்தக் குட்டி மூடியைச் சாமணத்தால் பிடுங்குங்கள். கீழே விழுந்தால் கிடைக்காது, ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.