பட்டுக் கவுனின் கழுத்து மடிப்பு ஏன் விறைத்து நிற்கிறது?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: தாயாரின் பழைய கிரேப் பட்டுச் சேலையில், கழுத்தருகே தளர்ந்த மடிப்புகள் விழும் கவுன் ஒன்றைக் கையாலேயே தைக்க விரும்புகிறேன். முதலில் பழைய வொயில் சேலையொன்றில் வெட்டிப் பார்த்தபோது மடிப்புகள் விறைத்து நின்றன. என்ன செய்யலாம்?

அன்பின் வாசகிக்கு, துணியை நேர் இழையில் வைத்து வெட்டியிருப்பீர்கள் என்றே கருதுகிறேன். பாவின் (நீளவாட்டு இழையின்) திசையிலும் ஊடையின் (குறுக்கு இழையின்) திசையிலும் துணி அதிகம் இழுபடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே 45 பாகையில் தொங்கும்போதுதான் இழைகள் சாய்ந்து கொடுத்து, துணி உடலோடு இறங்குகிறது. தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் இந்த வெட்டை முழு ஆடைக்கும் கையாண்டு 1920களில் பாரிஸில் புகழ்பெற்றவர் ஆடை வடிவமைப்பாளர் மதலேன் வியொனே. அவரும் சிறிய மரப்பொம்மையில் துணியைச் சுற்றிப் பார்த்தே வடிவத்தை முடிவுசெய்தார்.

ஆயினும் முழுக் கவுனையும் கிராஸாக வெட்ட வேண்டாம். 45 அங்குல அகலச் சேலையில் மூலைக்கு மூலை ஏறத்தாழ 63 அங்குலமே கிடைக்கும். தோளிலிருந்து கணுக்கால்வரை 55 அங்குலம் எடுத்தால் துண்டின் அகலத்துக்கு 8 அங்குலமே எஞ்சும். எனவே முன் மேற்பகுதியை மட்டும் ஒரு யார் (36 அங்குல) சதுரத்தில் கிராஸாக வெட்டி, கீழ்ப்பகுதியை நேர் இழையில் கொசுவம் வைத்துச் சேருங்கள். சதுரத்தின் ஒரு மூலையை உள்ளே மடித்தால் அந்த மடிப்பு விளிம்பே கழுத்தாகிவிடும். கழுத்தின் இரு பக்கத் தோள்முனைகளுக்கு இடையேயுள்ள தூரத்தைவிட அது 5 அல்லது 6 அங்குலம் நீளமாக இருந்தால்தான் மடிப்பு தொங்கும்.

கையால் தைப்பது இவ்வேலைக்கு மிகவும் ஏற்றது, ஏனெனில் துணி இழுபடும்போது கைத்தையலும் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். 10ஆம் இலக்க ஊசியில் ஒற்றைப் பட்டு நூலைக் கோத்து, இறுக்காமல் ஓட்டுத்தையல் போட்டு, சில தையல்களுக்கு ஒருமுறை பின்தையல் (ஊசியை ஒரு தையலளவு பின்னே குத்தி முன்னே எடுப்பது) ஒன்று இடுங்கள். பாரம் தாங்கும் தோளிலும் இடுப்பிலும் மட்டும் நேர் இழை நாடா வைத்து முழுக்கப் பின்தையலால் தையுங்கள். குண்டூசித் துளை பட்டில் மறையாது. ஆகவே தையலுக்கு விட்ட ஓரத்திலேயே குத்துங்கள்.

மலையகத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறத்தாழ 11 சதவீத ஈரத்தை வைத்திருக்கும் பட்டு, மூடுபனி நாட்களில் மேலும் உறிஞ்சித் தளரும். வெட்டிய மேற்பகுதியை உலர்ந்த அறையில் ஒரு முழு நாளாவது தொங்கவிட்டு, இறங்க வேண்டிய அளவு இறங்கியபின் இடுப்பு ஓரத்தைச் சமப்படுத்திச் சேருங்கள்.

கத்தரி வைக்குமுன், நெடுங்காலம் மடித்திருந்த கோடுகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை விட்ட இடம் தெரிந்தால் சதுரத்தை வேறு பகுதிக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். சரிகைக் கரை பாரமானதும் விறைப்பானதுமாகையால் அதைக் கழுத்துக்கு எடுக்காமல் கீழ் ஓரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.