சிப்ஸ் கவர், பிஸ்கட் கவரை வைத்துப் பள்ளியில் ஈகோ பிரிக் செய்வது எப்படி?

கேள்வி: காயலான் கடையில் எடுக்காத பிளாஸ்டிக்கை பாட்டிலில் இறுக்கி அடைத்து ஈகோ பிரிக் (செங்கல் போலப் பயன்படும் பாட்டில்) ஆக்கி, எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தில் ஏதாவது செய்ய நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுச் சேகரிக்கத் தொடங்குங்கள். நோக்கமில்லாமல் அடைத்த பாட்டில்கள் வகுப்பறை மூலையில் குவிந்து, ஆண்டுக் கடைசியில் குப்பை வண்டியில்தான் ஏறும்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் ஸ்டூல் நல்ல தொடக்கம். ஒரே கம்பெனியின் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் 19 வேண்டும்: நடுவில் 1, சுற்றி 6, அதைச் சுற்றி 12. அளவு மாறினால் கட்டு நிற்காது. அடைத்து முடித்த ஒவ்வொரு பாட்டிலும் குறைந்தது 330 கிராம் இருக்க வேண்டும் (ஒரு மில்லிலிட்டருக்கு 0.33 கிராம் என்பது கணக்கு). ஆக மொத்தம் ஆறேகால் கிலோ. சிறிய சிப்ஸ் கவர் ஏறக்குறைய 3 கிராம் என்றால் பாட்டில் எடை போக, இரண்டாயிரம் கவர் வரை பிடிக்கும். 40 பிள்ளைகள் வாரம் ஆளுக்கு 5 கொண்டுவந்தால் சுமார் பத்து வாரம். யார் அதிகம் கொண்டுவருகிறார்கள் என்று மட்டும் போட்டி வைக்காதீர்கள். கவருக்காகவே சிப்ஸ் வாங்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பால் கவர், எண்ணெய் கேன், கெட்டியான டப்பா எல்லாம் பழைய பேப்பர் கடையில் போகும். அவற்றை உள்ளே திணிப்பது வீண். பாட்டிலே மறுசுழற்சிக்குப் போகக்கூடிய பொருள்தான் என்பதால் புதிதாக வாங்காமல், கிடப்பதை எடுங்கள். உள்ளே போக வேண்டியவை பல அடுக்கு ஒட்டிய பளபளப்பு உறைகள்: சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பூ பாக்கெட், மசாலா பாக்கெட். மாத்திரை அட்டை வேண்டாம். அதன் விளிம்பு பாட்டிலைக் கிழிக்கும், மிச்ச மாத்திரையும் கூடவே வந்துவிடும்.

பெரும்பாலும் கோளாறு ஈரத்தில்தான் தொடங்குகிறது. எண்ணெய்ப் பிசுக்கோ தண்ணீரோ உள்ளே இருந்தால் கிருமி வளர்ந்து வாயு உண்டாகும். பாட்டில் உப்பும், திறந்தால் நாறும். கவரை ஓரமாக வெட்டி விரித்து, சோப்புத் தண்ணீரில் அலசி, கொடியில் இரண்டு நாள் காயப் போடுங்கள். பாட்டிலின் உட்புறமும் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும்.

அடைக்கும்போது மெல்லிய கவரைத்தான் முதலில் போட வேண்டும், அடியில் இருக்கும் குழிகளுக்குள் அதுதான் நுழையும். இரண்டு மூன்று கவர் போட்டதும், நுனி மழுங்கிய மூங்கில் குச்சியால் குத்துங்கள். இரும்புக் கம்பி பாட்டிலைத் துளைத்துவிடும். நடுவில் மட்டும் குத்தினால் ஓரம் பொள்ளலாகவே இருக்கும். பாட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓரத்தை அழுத்த வேண்டும். பாதி வரை தளர்வாக அடைத்துவிட்டு மேலே எவ்வளவு அழுத்தினாலும் அடிப்பகுதி இறுகாது. மூடிக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளிருப்பது மூடியைத் தள்ளும்.

பிறகு தராசில் வையுங்கள். 330 கிராமுக்குக் குறைந்தால் ஏற்கக் கூடாது, உட்கார்ந்தால் நசுங்கும். 700 கிராமைத் தாண்டினால் மணலோ கல்லோ போயிருக்கிறது என்று அர்த்தம். எடை, தேதி, அடைத்தவர் பெயரை பாட்டிலில் எழுதி, நோட்டிலும் பதியுங்கள். பிள்ளைகளுக்கு இந்த நோட்டுதான் உண்மையான பாடம். ஒரு வீடு ஒரு வாரத்தில் எவ்வளவு கவர் கழிக்கிறது என்பது அதில் எண்ணாகத் தெரியும்.

கட்டுவதற்கு பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, இழுத்துப் பிடித்து மேலும் கீழும் இரண்டு இடத்தில் சுற்றுங்கள். மூடி கீழே, பாட்டிலின் அடி மேலே. அதன்மேல் வட்டமான பிளைவுட், பழைய துணி மெத்தை.

ஸ்டூலை வெயிலில் போடாதீர்கள். பாட்டில் நொறுங்கி, துகள் மண்ணில் கலக்கும். நெருப்புப் பிடித்தால் வேகமாக எரியும் என்பதால் சத்துணவுக் கூடத்தின் பக்கமும் கூடாது. சுவர் கட்டலாமா என்று கேட்பார்கள். குவாத்தமாலாவில் இப்படிப் பள்ளிகள் கட்டியிருக்கிறார்கள்; ஆனால் அங்கே பாரம் தாங்குவது கான்கிரீட் தூணும் உத்தரமும்தான், பாட்டில்கள் இடைவெளியை நிரப்ப மட்டுமே. பள்ளித் திட்டமாக அதைத் தொடாதீர்கள். கவரை உருக்கி ஓடு செய்வதும் வேண்டாம், அந்தப் புகை பிள்ளைகளின் மூச்சில் போகும்.

டியூப் ஓரிரு ஆண்டில் தளர்ந்துவிட்டால் அதை மட்டும் மாற்றுங்கள். உப்பிய பாட்டில் இருந்தால் எடுத்துவிட்டு, அதே அளவில் இன்னொன்றைச் செருகிக் கட்டலாம்.