வீட்டில் வாயாடி, பள்ளியில் மௌனம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் ஊர்) எங்களுடையது. ஆறு வயது மகள் வீட்டில் படுகு மொழியில் ஓயாமல் பேசுவாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. ஒன்றரை வருடமாக இப்படித்தான். டீச்சர் திமிர் என்கிறார். மாமியார் நாக்கில் வசம்பு தடவச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: வசம்பு வேண்டாம். நாக்கில் கோளாறு என்றால் வீட்டிலும் பேச்சு வராதே!

இது 'செலக்டிவ் மியூட்டிசம்' ஆக இருக்கலாம், அதாவது சில இடங்களில் மட்டும் பேச்சு வராமல் போவது. அந்தப் பெயரே பாதிக் குழப்பம். பிள்ளை இடம் பார்த்து வேண்டுமென்றே வாயை மூடுவதுபோல ஒலிக்கிறது. 1934-இல் வைத்த பழைய பெயர் இன்னும் மோசம், 'விரும்பிப் பேசாமை' என்றே பொருள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் அதை மாற்றியது; 2013-இல் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்தது. டீச்சரிடம் சொல்ல வேண்டியதும் இதுதான்: அவள் மறுக்கவில்லை, பயத்தில் குரல் அடைத்துக்கொள்கிறது.

வீட்டு மொழி வேறு என்பதால் சில மாதம் தயங்குவது சகஜம். ஆனால் வகுப்பில் படுகு பேசும் பிள்ளைகளிடமும் பேசவில்லை என்றால் மொழியைக் குறை சொல்ல முடியாது.

டீச்சர் ஒத்துழைத்தால் இப்படிச் செய்து பாருங்கள். பள்ளி விட்டதும் காலி வகுப்பறையில் நீங்களும் மகளும் பத்து நிமிடம் விளையாடுங்கள். அவள் குரல் சகஜமான பிறகு, ஒருநாள் டீச்சர் கதவருகே வேறு வேலை பார்ப்பதுபோல நிற்கட்டும். அடுத்தடுத்த நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி விளையாட்டில் சேரலாம். நீங்கள் மெல்ல விலகலாம். வாரக்கணக்கில் ஆகும், அவசரம் கூடாது. கேள்வி கேட்பதானால் "சிவப்பா, பச்சையா?" என்று கேட்டு, ஐந்து விநாடி பொறுக்க வேண்டும். முதல் சொல் வந்ததும் கைதட்டிவிடாதீர்கள், பிள்ளை மறுபடி சுருண்டுகொள்ளும்.

அதுவரை பாத்ரூம் போக ஒரு அட்டையைக் காட்டினால் போதும் என்று ஏற்பாடு செய்யுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கேட்க வாய் வராமல் நாளெல்லாம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

அப்புறம் சொந்தக்காரர்கள். ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்குக் கூடும்போது "ஊமையா?" என்று யாராவது கேட்பார்கள். "இவ பேச மாட்டா" என்று அவள் காதுபட நீங்களே சொல்லிவிடாதீர்கள். "பழகினா பேசுவா" என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள்.

காது கேட்கும் திறனை ஒருமுறை சோதித்துவிட்டு, குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.