துப்பறிவாளர் என்று வருபவரிடம் காசு கொடுக்குமுன்: கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். "தனியார் புலனாய்வாளர்" என்று சொல்லிக்கொண்டு வருபவரை நம்பலாமா? வன்னியில் புலனாய்வு என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு ஒருதரம் திக்கென்னும். அந்தத் திக்கைத்தான் சிலர் தொழிலுக்கு முதலாக வைத்திருக்கிறார்கள்.

பதில்களுக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனியார் துப்பறியும் தொழிலுக்கென்று இலங்கையில் தனிச் சட்டமோ தனி உரிமமோ கிடையாது. 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாதுகாப்பு அமைச்சில் பதிவு செய்பவை காவலாளிகளை வேலைக்கு அனுப்பும் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள். "பாதுகாப்பு அமைச்சின் அங்கீகாரம் பெற்ற துப்பறிவாளர்" என்று யாராவது அட்டை நீட்டினால், எந்தச் சட்டத்தின் கீழ் எதற்காகக் கிடைத்த அங்கீகாரம் என்று கேளுங்கள். கடைவாசலில் காவலுக்கு ஆள் நிறுத்தும் பதிவு, ஒருவருடைய வீட்டு விடயத்தைத் துருவ அதிகாரம் தராது.

கேள்வி: 2009 மே மாதம் வட்டுவாகலில் என் கண்முன்னே மகனை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போன மாதம் ஒருவர் போனில் கதைத்தார். முன்பு புலனாய்வில் இருந்தவராம், இப்போது தனியாகச் செய்கிறாராம். மகன் தெற்கில் ஒரு முகாமில் இருக்கிறான் என்று வட்ஸ்அப்பில் படமும் அனுப்பினார். நான்கு இலட்சம் கேட்கிறார், பாதி முதலில். காப்பு ஒன்று இருக்கிறது, விற்கட்டுமா? (ஒரு தாய், புதுக்குடியிருப்பு)

அம்மா, காப்பை விற்காதீர்கள். ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

இதே போல ஒரு படத்துடன் சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் என் மேசைக்கு வந்தார். ஐம்பதாயிரம் ஏற்கெனவே போட்டுவிட்டார். படத்தில் மகனின் முகம் மட்டும், பின்னால் ஒரு சாம்பல் சுவர். பெரிதாக்கிப் பார்த்தோம். நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட படத்தில் வெயில் பட்டால் விழுமே, அந்தக் கோடு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் நடத்தும் போராட்டப் பந்தலில் அவர் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருக்கிற படத்தை யாரோ போனில் எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி, அவருக்கே திருப்பி விற்றிருக்கிறார்கள். அந்தத் தாய் படத்தைப் பார்த்து அழவில்லை. "அப்ப இது என்ர கையில இருக்கிற படம்தானே" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் உங்கள் பிள்ளைகளின் பெயரும் படமும் வெளியில்தான் இருக்கின்றன. செய்திகளிலும் வந்திருக்கின்றன. ஆகவே மகனுடைய பெயர், பிறந்த ஆண்டு, கடைசியாகக் கண்ட இடம் எல்லாம் ஒருவருக்குத் தெரிந்திருப்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது. நீங்கள் தொலைபேசியில் அழுதுகொண்டே சொல்லும் விபரத்தையும் அவர் அடுத்த அழைப்பில் தன் "தகவலாக" உங்களிடமே சொல்வார்.

தடுப்பில் இருக்கும் ஒருவரைக் காட்டவோ விடுவிக்கவோ எந்தத் தனியாளுக்கும் வழி கிடையாது. அதற்குரிய இடங்களில் எங்குமே காசு கேட்பதில்லை. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் தேடல் சேவை இலவசம். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் கட்டணம் எடுப்பதில்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அதற்குக் கிளைகள் உண்டு. அந்த அலுவலகத்தில் நம்பிக்கை இல்லை என்று வீதியோரம் இருக்கும் தாய்மார் சொல்வதை நான் மறுக்கமாட்டேன். அவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீதிமன்ற வழி என்றால் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நீதிமன்றத்தில் முன்னிறுத்தக் கேட்கும் மனு. போரின் முடிவில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களுக்காக வவுனியா மேல் நீதிமன்றத்தில் அப்படியான மனுக்கள் நடந்திருக்கின்றன.

அந்த ஆள் அனுப்பிய எதையும் அழிக்காதீர்கள். இலக்கம், காசு போடச் சொன்ன வங்கிக் கணக்கு, குரல் பதிவு எல்லாம் இருக்கட்டும். பொலிஸுக்குத் தனியாகப் போகப் பயமென்றால் ஒரு சட்டத்தரணியுடன் போங்கள், அல்லது மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு முதலில் எடுங்கள். ஏமாற்றிக் காசு பறிப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். வெட்கப்பட வேண்டியது பறித்தவர்தான்.

கேள்வி: மகளுக்கு லண்டன் மாப்பிள்ளை பேசி வந்திருக்கிறது. முன்பே ஒரு கலியாணம் நடந்தது என்று ஒரு கதை. "லண்டன் அரசாங்க லைசென்ஸ் உள்ள டிடெக்டிவ்" என்று தரகர் ஒருவரைக் காட்டுகிறார், 600 பவுண். கொடுக்கலாமா? (குருமன்காடு, வவுனியா)

பிரித்தானியாவில் 2001 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று துப்பறிவாளருக்கு உரிமம் வழங்க இடம் வைத்தது. ஆனால் அந்தப் பகுதி நடைமுறைக்கு வரவேயில்லை. அங்கே உரிமம் வாங்க வேண்டியவர்கள் காவலாளிகள் போன்றோர். ஆகவே "அரசாங்க லைசென்ஸ் உள்ள டிடெக்டிவ்" என்ற பேச்சிலேயே பிழை இருக்கிறது. மாப்பிள்ளை கனடாவின் ஒன்ராரியோவில் இருந்திருந்தால் கதை வேறு. அங்கே 2005 ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பறிவாளருக்கு உரிமம் கட்டாயம், அது செல்லுமா என்று மாகாண அரசிடமே சரிபார்க்கலாம். இந்தியாவில் இதற்காக 2007 இல் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. சென்னையில் ஆள் பிடித்துத் தருகிறோம் என்பவர்களுக்கும் இதையே சொல்லுங்கள்.

லண்டன் விடயத்தில் பாதி வேலையை நீங்களே செய்யலாம். இங்கிலாந்து, வேல்ஸில் பதிவான திருமணத்தின் சான்றிதழ்ப் பிரதியை யாரும் கட்டணம் கட்டி எடுக்கலாம். விவாகரத்தின் இறுதிக் கட்டளைப் பிரதியையும் அப்படியே கேட்கலாம். சொந்தக் கம்பனி வைத்திருக்கிறார் என்றால் கம்பனிப் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உறவினர் பிள்ளை ஒன்று அங்கே இருந்தால் ஒரு பின்னேர வேலை இது.

இதைவிட நேரான வழியும் உண்டு. திருமணத்துக்குத் தடையில்லை என்ற சான்றிதழை அவர் வசிக்கும் இடத்துப் பதிவாளரிடம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அறிவித்தல் 28 நாள் பார்வைக்கு வைக்கப்பட்ட பிறகே அதைக் கொடுப்பார்கள். கேட்டவுடன் மாப்பிள்ளை வீட்டார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

முதல் கலியாணம் இங்கே ஊரில் பதிவாகியிருந்தால் லண்டனில் எதுவும் அகப்படாது. அதற்கு அவருடைய சொந்த ஊருக்கு விபரம் தெரிந்த இரண்டு பெரியவர்களை அனுப்புங்கள். விதானையாரிடமும், கூடப் படித்தவர்களிடமும், கோயில் பக்கமும் கேட்டு வரட்டும். நம்முடைய ஆக்கள் காலங்காலமாகச் செய்த வேலை இது. கேட்பவர் பக்குவமாகக் கேட்டால் அரை நாளில் உண்மை வந்துவிடும்.

கேள்வி: மனைவியின் போன் அழைப்பு விபரமும் வட்ஸ்அப் உரையாடலும் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வழக்குக்கு உதவுமா? (பரந்தன்)

தம்பி, அதைத் தொடாதீர்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியின்றி ஒருவருடைய தரவுக்குள் நுழைவது குற்றம். அப்படி எடுத்தது என்று தெரிந்தும் காசு கொடுத்து வாங்குவதும் குற்றம். விற்றவர் மறைந்துவிடுவார், உங்கள் போனில் அது இருக்கும்.

விவாகரத்து வழக்கு என்றால் எந்தக் காரணத்தில் போடுகிறீர்கள் என்பதை முதலில் சட்டத்தரணியுடன் முடிவு செய்யுங்கள். பொதுத் திருமணச் சட்டத்தில் பிறர்மனைத் தொடர்பு ஒரு காரணம், தீய எண்ணத்துடன் கைவிட்டுப் போனது இன்னொன்று. இரண்டாவதற்குத் துப்பறிவாளரே தேவைப்படாது.

கேள்வி: கொழும்பில் ஒரு நிறுவனம் முறையாகச் செய்கிறது என்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது? (மாங்குளம்)

கம்பனி என்றால் அதற்கு ஒரு பதிவிலக்கம் இருக்கும். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். வெறும் வியாபாரப் பெயர்ப் பதிவு என்றால் சான்றிதழின் பிரதியைக் கேளுங்கள். இந்த இரண்டுமே அவர் நல்லவர் என்று சொல்லாது, நாளை தேடிப் பிடிக்க ஒரு விலாசத்தை மட்டும் தரும். எங்கள் பக்கத்தில் அதுவே பெரிய காரியம்.

காசு கம்பனியின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகட்டும், பற்றுச்சீட்டு வேண்டும். ஆளின் சொந்தக் கணக்குக்கோ போன் காசாகவோ அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். என்ன செய்வார், எத்தனை நாள், எவ்வளவு, அறிக்கை எழுத்தில் வருமா என்று நீங்கள் வாசிக்கக்கூடிய மொழியில் ஒப்பந்தம் எழுதுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு தாளை நீட்டி ஒப்பம் கேட்டால், வீட்டுக்குக் கொண்டு போய் வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

நான் எப்போதும் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: "தேவைப்பட்டால் நீதிமன்றம் வந்து கூண்டில் ஏறி இதைச் சொல்வீர்களா?" ஒழுங்காகச் செய்பவர் ஓம் என்பார், அதற்கான செலவையும் அப்போதே சொல்வார். மற்றவர் கதையை மாற்றுவார். இன்னொரு அடையாளம்: ஒழுங்கானவர் முடிவுக்கு உத்தரவாதம் தரமாட்டார். "நூறு வீதம் பிடித்துத் தருவேன்" என்பவரும், வங்கிக் கணக்கு விபரம் எடுத்துத் தருவேன் என்பவரும் ஒரே வகை.

கேள்வி: வெளிநாட்டு வேலைக்கென்று ஐந்து இலட்சம் வாங்கிய முகவரின் போன் இப்போது வேலை செய்யவில்லை. ஆள் வைத்துத் தேடலாமா? (ஒட்டுசுட்டான்)

இருக்கிற காசையும் அதில் விடாதீர்கள். முகவர் தொழிலுக்கு 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி உரிமம் கட்டாயம். வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்து, அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, முறைப்பாடு கொடுங்கள். உரிமம் இல்லாதவர் என்றால் அதுவே தனிக் குற்றம்.

கேள்வி: நாங்கள் இந்தியாவில் இருந்த காலத்தில் எங்கள் காணியில் யாரோ குடியேறியிருக்கிறார்கள். யாரென்று அறிய ஒருவர் எண்பதாயிரம் கேட்கிறார். (கனகராயன்குளம்)

காணி உத்தரவுப்பத்திரக் காணியா, உறுதிக் காணியா? உத்தரவுப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உங்கள் கோவை இருக்கும். அது அரச காணி, எத்தனை வருடம் இருந்தாலும் அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை கோர முடியாது. உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடுவித்துப் பிரதி எடுங்கள், பிந்திய உறுதி ஏதும் ஏறியிருந்தால் தெரியும். அதில் தாமதிக்காதீர்கள், ஏனென்றால் தனியார் காணியில் பத்து வருட ஆட்சி என்பது பாரதூரமான விடயம், அதை வைத்து இருப்பவர் காணிக்கே உரிமை கோரக்கூடும். குடியிருப்பவரின் பெயரைக் கிராம அலுவலர் சொல்வார். எண்பதாயிரம் தேவையில்லை.

கேள்வி: இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து "புலனாய்வு" என்றார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி விசாரித்தார்கள். பயத்தில் எல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லத்தான் வேண்டுமா? (வாசகி, மடு)

தனியாள் கேட்டால் நீங்கள் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. அரச உத்தியோகத்தர் என்றால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி, பெயரையும் நிலையத்தையும் எழுதிக்கொள்ளலாம். கேட்பது உங்கள் உரிமை. உத்தியோகத்தர் போல நடிப்பது குற்றம். பயத்தில் சொன்னதற்காக மனம் நோகாதீர்கள், இந்த மண்ணில் யாருக்கும் அப்படித்தான் வரும். இன்றைக்கே பக்கத்து வீட்டாரிடம் போய் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். மோட்டார் சைக்கிளின் இலக்கம் அரைகுறையாக ஞாபகம் இருந்தாலும் இப்போதே ஒரு தாளில் எழுதி, திகதியையும் போட்டு வையுங்கள்.